அளவு கொடுத்த மூக்கு

பாறை என்று ஊரே கைவிட்ட இடத்தில் கிணறு தோண்டித் தண்ணீர் பார்த்தவன் நான். கலசப்பாக்கத்தில் அரிசி ஆலை வைத்தேன். மலையில் விளைகிற சாமையையும் புளியையும் லாரியில் ஏற்றி வெளியூருக்கு அனுப்பிய முதல் ஆள் எங்கள் பக்கத்தில் நான்தான். ஐந்தாவது தாண்டாதவன் கல்யாண மண்டபம் கட்டுகிறானாம் என்று சிரித்தவர்கள், அதே மண்டபத்தில் தங்கள் பெண்களைக் கட்டிக் கொடுத்தார்கள். இதிலெல்லாம் என் பேர் இருக்கிறது. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால், அரைக்கால் சட்டை வயதில் நான் செய்த ஒரு காரியம் இன்றுவரை என் தாய்மாமன் பேரில் ஓடிக்கொண்டிருக்கிறது.

போன மாதம் அக்காவின் பேத்திக்கு வேலூரில் ஒரு கடையில் மூக்குக் குத்தினார்கள். கடைப் பெண் சின்ன ஸ்கேலை மூக்கு மடலில் வைத்துப் பார்த்து, முதலில் கொஞ்சம் நீளமான தண்டு போடுவோம், வீக்கம் வடிந்த பிறகு அளவாக மாற்றிக்கொள்ளலாம் என்றாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாமா உடனே தொண்டையைச் செருமிக்கொண்டு, இதை அந்தக் காலத்திலேயே செய்தவன் நான் என்று ஆரம்பித்துவிட்டார். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

அக்காவுக்குக் கண்ணமங்கலத்தில் சம்பந்தம் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் கேட்டது ஒன்றுதான்: பெண் மூக்குத்தியோடு மணையில் உட்கார வேண்டும். அக்காவுக்கோ மூக்குக் குத்தியிருக்கவில்லை. மூக்குத்தி தாய்மாமன் சீர். செய்வதற்குச் செங்கத்துப் பத்தரிடம் போக வேண்டும். கல்யாணம் முடிவான பெண் கடைத்தெருவில் நின்றால் கண் படும் என்று அம்மா அவளை அனுப்பவில்லை. துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்கை உருவி, அக்காவின் மூக்கு மடல் விளிம்பில் வைத்து, தோலின் கனத்துக்கு நகத்தால் கீறினாள். ஈர்க்கின் பருமன் தண்டின் பருமன், கீறல் வரை தண்டின் நீளம். ஒரே குச்சியில் இரண்டு அளவும் அடக்கம். அதை மாமாவிடம் கொடுத்து, துணைக்கு என்னையும் பஸ் ஏற்றிவிட்டாள்.

மாமா குச்சியைப் பத்திரமாகக் காதில் செருகிக்கொண்டார். செங்கத்தில் இறங்கியதும் பிரியாணி சாப்பிட்டோம். பிறகு பத்தர் கடையில் உட்கார்ந்து காதைத் தடவியவர் முகம் வெளுத்தது. சாப்பிட்டு வந்த வழியில் பல் குத்திவிட்டுத் தூக்கி எறிந்திருந்தார்.

"உங்கம்மா என்னை உரிச்சி உப்புக்கண்டம் போட்ருவாடா," என்றார் என் காதோரம்.

திரும்பிப் போய் அளந்து வரலாம் என்றால் எங்கள் ஊருக்குச் சாயங்காலம்தான் பஸ். வெள்ளிக்கிழமை மூக்குக் குத்துவதாக முடிவாகியிருந்தது. அந்த நேரத்தில் யோசனை சொன்னது யார்? நான். எங்கள் அப்பாவின் பருத்த மூக்கு அக்காவுக்கும் எனக்கும் அச்சாக வந்திருக்கிறது என்பது ஊரறிந்தது.

"எங்களுது ஒரே மூக்குதான மாமா. என்னுத அளக்கச் சொல்லு," என்று முகத்தைத் தூக்கிக் காட்டினேன்.

பத்தர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "இன்னாய்யா, கல்யாணம் பொண்ணுக்கா, இவனுக்கா?"

சிரித்துக்கொண்டே பித்தளை இடுக்கியால் என் மூக்கு மடலைப் பிடித்து, அந்த இடைவெளியைத் தகட்டில் கீறிக்கொண்டார். எனக்கு அப்போது பலத்த சளி. துடைத்துத் துடைத்து மூக்கு கத்தரிக்காய் மாதிரி தடித்துக் கிடந்தது. அதை அவரும் யோசிக்கவில்லை, நாங்களும் யோசிக்கவில்லை. வீட்டில் வாயைத் திறக்கக் கூடாது என்று மாமா வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

வெள்ளிக்கிழமை மூக்குக் குத்தி, மூக்குத்தியைப் போட்டுத் திருகினார்கள். மூக்குத்தியின் முகப்பிலிருந்த பூ மூக்கில் படியவில்லை, ஆணி அடித்தது போல விலகி நின்றது. அம்மா மாமாவைப் பார்த்த பார்வையில் நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"குச்சி அளவு இன்னாடா ஆச்சி? இது மூக்குத்தியா, மாட்டுக்கு மூக்கணாங்கயிறா?"

திங்கட்கிழமை எடுத்துப்போய்க் குறைத்துக்கொண்டு வருவதாக மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

மறுநாள் அக்காவின் மூக்கு வீங்கியது. ஞாயிற்றுக்கிழமை பாதி முகமே வீங்கிவிட்டது. அப்பா சொந்தத்தில் ஒரு பெண்ணை நினைவுபடுத்தினார். அவளுக்குப் பூ சதைக்குள் புதைந்து, ஆஸ்பத்திரியில் கிழித்து எடுத்து, மூக்கில் தழும்பு நின்றுவிட்டது. அதைக் கேட்டதும் அக்கா விசும்பினாள். முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது, கண்ணமங்கலத்தாரிடம் என்ன சொல்வது? நான் வைக்கோல் போருக்குப் பின்னால் என் மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்காவின் முகம் கெட்டால் அதற்குக் காரணம் என் மூக்குதான் என்று நினைத்தேன்.

அம்மா வெந்நீரில் உப்புப் போட்டுத் துணியால் ஒற்றி ஒற்றி, பூவை மெல்லத் தூக்கிப் பார்த்தாள். நான் கதவோரம் வந்து நின்றேன். பூவுக்கும் சதைக்கும் நடுவில் இன்னும் இடம் இருந்தது. உள்ளே திருகாணியும் தடையில்லாமல் சுற்றியது. அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் குடுத்த அளவுல செஞ்சிருந்தா இந்நேரம் உள்ள போயிருக்கும். இன்னாத்துக்குடா நீளமா செஞ்ச?"

மாமா கூரையைப் பார்த்தார். "வீங்கும்னு தெரியும்க்கா. அதான்."

அன்றைக்கு அவர் தட்டில் கோழி ஈரல் முழுவதும் விழுந்தது. எனக்கு எலும்பு. வீக்கம் வடிந்தது, முகம் தெளிந்தது. பத்தரிடம் தண்டைக் குறைத்து வாங்கி, அக்கா மூக்குத்தி மின்ன மணையில் உட்கார்ந்தாள். அவள் சிரித்ததைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

மாமா திட்டு வாங்கும்போது நான் பேசாமல் இருந்தேன், அது அவருக்குக் கொடுத்த வாக்கு. அவரைப் புகழ்ந்தபோதும் பேசாமல் இருந்தேன். திட்டு தீர்ந்தது, தப்பித்தோம் என்கிற நிம்மதி மட்டுமே இருந்தது. பேர் என்று ஒன்று உண்டு, கேட்காவிட்டால் பக்கத்தில் நிற்பவரிடம் போய்ச் சேர்ந்துவிடும் என்பது அந்த வயதில் தெரியவில்லை.

இப்போது கேட்கிறேன். மாமா என்னைக் கூட்டிக்கொண்டு போனார், அந்தப் பங்கு அவருக்கே இருக்கட்டும். ஆனால் இனிமேல் நம் குடும்பத்தில் யார் எங்கே இந்தக் கதையைச் சொன்னாலும், பத்தர் அளந்தது என் மூக்கை என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். முதலில் அக்கா சொல்ல வேண்டும்.