திரும்பிப் பார்க்காத குப்புராஜ்

குப்புராஜைப் போல நிதானமான ஆள் கும்மிடிப்பூண்டியிலேயே கிடையாது என்று எங்கள் மில்லில் இன்றைக்கும் சொல்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அந்த நிதானத்துக்கு யார் தோல் உரிந்தது என்று எனக்குத் தெரியும். ஐந்து வருஷம் அவனுக்கு எதிரே நின்று வேலை பார்த்தவன் நான். பக்கத்து வீட்டில் குடியிருந்தவனும் நான்தான்.

எங்களுடையது இரும்புக் கம்பி உருட்டும் மில். உலையில் பழுத்த இரும்பு உருளைக்குள் நுழைந்து மறுபக்கம் சிவப்புக் கம்பியாகச் சீறிக்கொண்டு வரும். அதன் தலையைக் குறடால் கவ்வி, அப்படியே வளைத்து, அடுத்த உருளையின் வாயில் கொடுக்க வேண்டும். கண் இமைக்கிற நேரம்தான் இருக்கும். பிடி தவறினால் கம்பி தன் இஷ்டத்துக்குப் பாயும்.

எழுபத்தொன்றில் சின்னதுரை என்று ஒருவன் அப்படித்தான் போனான். டீ வந்துவிட்டது என்று யாரோ கூப்பிட்டார்கள், திரும்பினான். கம்பி தொடையில் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே கதை முடிந்துவிட்டது. மேஸ்திரி ஆதிநாராயணன் தரையில் மணல் போடச் சொன்னார். அரை மணி நேரத்தில் மில் மறுபடி ஓடியது.

குப்புராஜ் அப்போது புது மாப்பிள்ளை. திருப்பாச்சூர் பக்கம் பாகம் பிரித்ததில் தன் பங்குக்கு வந்த துண்டு நிலத்தை அண்ணனிடம் விட்டுவிட்டு, மணியம்மாளோடு எங்கள் லைன் வீட்டுக்குக் குடி வந்திருந்தான். சின்னதுரை செத்த பிறகு எல்லோருக்கும் கை நடுங்கியது. பயத்தை அடக்க ஆளுக்கொரு வழி. நான் சாராயம் குடித்தேன். அவன் பழக்கங்களை வைத்துக்கொண்டான்.

காலையில் யாரோடும் வாக்குவாதம் கிடையாது. உப்பு தூக்கலாக ஒரு சொம்பு மோர் குடிப்பான். குறடைக் கையில் எடுத்ததும் தரையில் இரண்டு தட்டு, மூன்று மூச்சு, அதன் பிறகுதான் முதல் கம்பி. நாங்கள் கிண்டல் செய்தோம். ஆனால் அவன் கை நடுக்கம் ஒரு வாரத்தில் நின்றுவிட்டது, எங்களுக்கு நிற்கவில்லை.

இதெல்லாம் போதாது என்று கழுத்துக்கும் ஒரு பயிற்சி கண்டுபிடித்தான்.

“சின்னதுரை இன்னாத்துக்குச் செத்தான்? எவனோ கூப்ட்டான்னு திரும்புனான்” என்று மணியம்மாளிடம் சொன்னான். “காலைல நான் சோறு துன்னும்போது பின்னாலேர்ந்து நீ கத்தணும். எப்போ கத்துவன்னு எனக்குத் தெரியக்கூடாது. நான் திரும்பவே கூடாது.”

“திரும்பிட்டா?”

“ஞாயித்துக்கெழம சினிமா. பொன்னேரி கொட்டாயி.”

“சேர் டிக்கெட்டா?”

“ஆசையப் பாரு. தரை டிக்கெட்டு.”

அடுப்புக்கு முதுகைக் காட்டி, தெருவைப் பார்த்தபடி அவன் உட்கார்ந்து சாப்பிடுவான். பின்னால் அரைச்சுவர், அதற்குப் பின்னால் அடுப்பு. அவள் ஒருநாள் “பாம்பு!” என்பாள். ஒருநாள் “ஐயோ, தீ!” என்பாள். “உங்க அண்ணன் வந்துகீறாரு!” என்றதற்கு எச்சில் கையோடு எழுந்தே நின்றுவிட்டானாம். முதல் மாதம் நாலு ஞாயிற்றுக்கிழமையும் சினிமாவுக்குப் போனார்கள். லைனில் எல்லோருக்கும் இது வேடிக்கையாகிவிட்டது. மணி கத்தினால் மணி ஆறு என்று என் பெண்டாட்டி முத்தம்மா அடுப்பைப் பற்ற வைப்பாள்.

போகப் போக அவன் திரும்புவது குறைந்தது. அடுத்த பொங்கலுக்குள் சுத்தமாக நின்றுவிட்டது. அவள் பித்தளை அண்டாவைப் போட்டு உருட்டிப் பார்த்தாள், குழந்தை மாதிரி அழுது பார்த்தாள். கழுத்து அசையவில்லை. சினிமா அவளுக்குப் பெரிசில்லை. “திரும்பறப்போ அது மூஞ்சில ஒரு பதட்டம் தெரியும் முத்தக்கா. எனக்காவ பதறுதுன்னு ஒரு சந்தோஷம். இன்னும் ஒரே ஒரு தபா அதப் பாத்துட்டா போதும்” என்று முத்தம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். அதற்காகத்தான் தினமும் தொண்டை கிழியக் கத்தினாள்.

எழுபத்து மூன்று ஐப்பசியில் ஒருநாள் விடிகாலை, நல்ல மழை. நான் சைக்கிளோடு அவன் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே அவள் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தாள். கூரை ஒழுகி நனைந்திருந்த தரையில் கால் வழுக்கி, கொதிக்கிற கஞ்சியோடு பானை அவள் இடுப்புக்குக் கீழே கவிழ்ந்தது. இது பிறகு தெரிந்த விஷயம். அப்போது எனக்குக் கேட்டது அலறல் மட்டும்தான். நான் சிரித்தேன். ஆமாம், சிரித்தேன், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

குப்புராஜ் மிச்சமிருந்த மூன்று வாய் சோற்றையும் நிதானமாகச் சாப்பிட்டான். தட்டிலேயே கை கழுவினான். அவள் இன்னும் கத்திக்கொண்டிருந்தாள். அவன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, தெருவைப் பார்த்தபடியே உரக்கச் சொன்னான்:

“இன்னிக்கு ஜோரா கத்துன, மணி. நெஜம் மாதிரியே இருந்துச்சி.”

நாங்கள் இருவரும் மில்லுக்குப் போய்விட்டோம். முத்தம்மாவும் கேட்டாள், அடுப்பைப் பற்ற வைத்தாள். குழாயடியில் மணியம்மாளின் முறை வந்து, குடம் மட்டும் இருக்க ஆளைக் காணோம் என்ற பிறகுதான் போய்ப் பார்த்தாள். மணியம்மாள் சுவரோரமாகக் கிடந்தாளாம், சத்தமே இல்லாமல். ஏன்டி அப்புறம் கத்தவில்லை என்று கேட்டதற்கு, “அதுவே திரும்பல, இனிமே யாருக்குக் கத்தறது?” என்றாளாம்.

தகவல் எட்டு மணிக்கெல்லாம் மில்லுக்கு வந்துவிட்டது. ஆதிநாராயணன் ஷிப்ட் முடிகிற இரண்டு மணி வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. மாற்று ஆள் இல்லையாம், சொன்னால் ஆளின் நிதானம் கெட்டுவிடுமாம்.

நாற்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இடது முழங்காலுக்குப் பின்னால் தோல் சுருங்கி ஒட்டிக்கொண்டது, கால் நீளவேயில்லை. வீட்டுக்குக் கூட்டி வந்த அன்றைக்கு அவன் அவளிடம் பேசிய முதல் பேச்சை நான் என் காதால் கேட்டேன்.

“நெஜமா கத்தறப்போ வேற மாதிரி கத்தியிருக்கக் கூடாதா?”

அடப்பாவி! அவனை அப்போதே நாலு அறை அறைந்திருக்க வேண்டும். வாசலில் நின்று சிரித்தவனுக்கு அந்த யோக்கியதை ஏது?

அதற்குப் பிறகு அவள் கத்தவில்லை. அவன் முதுகைக் காட்டிச் சாப்பிட்டான். அவள் அரைச்சுவருக்குப் பின்னால் காலை இழுத்து இழுத்து வேலை செய்தாள். அந்த வீட்டிலிருந்து தட்டுச் சத்தம் மட்டும் வரும்.

மறு வருஷம் மில்லில் பாதுகாப்பு வாரம் கொண்டாடினார்கள். இத்தனை வருஷத்தில் ஒரு கீறல்கூடப் படாத ஆள் என்று குப்புராஜுக்கு எவர்சில்வர் கூஜா பரிசு. பதற்றமில்லாமல் இருப்பது எப்படி என்று எல்லோருக்கும் சொல்லச் சொன்னார் மேனேஜர். அவனும் மைக் முன்னால் நின்று மோரைச் சொன்னான், மூச்சைச் சொன்னான், “ஊட்ல சம்சாரத்தப் பின்னாலேர்ந்து கத்தச் சொல்லுவேன் சார், திரும்ப மாட்டேன்” என்றும் சொன்னான். கஞ்சியைச் சொல்லவில்லை. மேனேஜர் எழுந்து நின்று கை தட்டினார். அடுத்த ஒரு வாரம் எங்கள் லைனில் ஏழெட்டு வீட்டில் பெண்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். மணியம்மாள் அந்தக் கூஜாவில் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்தாள்.

எழுபத்தாறு பங்குனியில், கேன்டீனில் வேலை பார்த்த எல்லம்மா டீ வாளியோடு வந்தவள் தடுக்கி விழுந்தாள். கொதிக்கிற டீ அவள் பாதத்தில் கொட்டியது. வீலென்று அலறினாள்.

எதிரே நின்ற நான் பார்த்தேன். கம்பி வந்துகொண்டிருக்கிறது, குறடு அவன் கையில் இருக்கிறது, கழுத்து திரும்புகிறது. மணியம்மாள் சொன்ன அந்தப் பதற்றத்தை முதல் தடவையாக நான் பார்த்தேன். பாவம், அவள் ஆசைப்பட்டதில் தப்பே இல்லை. பச்சைக் குழந்தையின் முகம் அது. கம்பி அவன் வலது காலைச் சுற்றிக்கொண்டது.

எல்லம்மாவுக்கு இரண்டு கொப்புளம், மூன்றே நாளில் ஆறிவிட்டது. குப்புராஜுக்குப் பட்டணத்து ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நான்தான் மணியம்மாளை ரயிலில் கூட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள், திரும்பினது நிஜம்தானா என்று. நிஜம்தான் என்றேன்.

கட்டில் பக்கத்தில் போய், போர்வை பள்ளமாகக் கிடந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“எவளோ கத்துனதுக்குத் திரும்புனியாமே?”

“நீ கத்தற மாதிரியே இருந்துச்சி, மணி.” அவன் அழுதான். “நீதான்னு நெனச்சிட்டேன்.”

“நானே கத்துனப்போ யாருன்னு நெனச்ச?”

அவள் தலையணையை நிமிர்த்தி வைத்தாள், வாயோரம் வழிந்ததைத் துடைத்துவிட்டாள். சரி, மனசு இளகிவிட்டது என்று நான் நினைத்தேன்.

“தோத்துட்ட” என்றாள். “ஞாயித்துக்கெழம சினிமா.”

கோபத்தில் சொன்னது, மறந்துவிடுவாள் என்றுதான் இருந்தேன். அவள் மறக்கவில்லை. மூன்று மாதம் கழித்து, அவன் கட்டையை ஊன்றி நடக்க ஆரம்பித்த முதல் ஞாயிற்றுக்கிழமை, பஸ்ஸில் ஏற்றிப் பொன்னேரிக்குக் கூட்டிப் போனாள். துணைக்கு நானும் முத்தம்மாவும் போனோம். உட்கார வசதியாக அவனுக்கு ஒரு சேர் டிக்கெட் எடுக்கிறேன் என்றேன்.

“பந்தயம் தரை டிக்கெட்டுதாண்ணே” என்று சொல்லிவிட்டாள்.

கொட்டகையில் தரைக்கு நடுவே இடுப்பளவு மண்சுவர், ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். வெட்டிய காலை நீட்டி அவனை மணலில் உட்கார வைத்தேன். படம் ஓடிய மூன்று மணி நேரமும் அவன் திரையைப் பார்க்கவில்லை. கையை ஊன்றி ஊன்றி எக்கி, சுவருக்கு அந்தப் பக்கம் அவளையே திரும்பித் திரும்பிப் பார்த்தான். இரண்டு தடவை “மணி, மணி” என்று கூப்பிட்டும் பார்த்தான்.

அவள் படம் பார்த்துக்கொண்டிருந்தாள்.