பாம்புக்கு நாவூறு

குகதாசனுக்குப் பிரான்ஸ் வதிவிடக் காகிதம் கிடைக்க ஏழு வருடம் எடுத்தது. அவனுடைய பாம்புகள் இரண்டும் முதல் நாளே முழுக் காகிதத்தோடு வந்து இறங்கின. இந்த அநியாயத்தை லா சப்பலில் எங்கள் உணவகக் குசினியில் அவன் சொல்லாத நாளில்லை. கை கொத்துரொட்டி கொத்தும். வாய் பாம்புக் கதை கொத்தும்.

அவை மடகாஸ்கர் தீவின் மரப் போவாக்கள். விஷமில்லை, சுற்றி நெரிக்கும் சாதி. காட்டில் அருகி வருகின்றன; கூண்டில் குட்டி ஈன வைப்பது குதிரைக் கொம்பு. 2009இலிருந்து நான்கு வருடமாக அவன் ஆணையும் பெண்ணையும் சேர்த்து வைத்தான், குளிர்காலத்தில் சூட்டைக் குறைத்தான், பூவாளியால் மழை பெய்வித்தான். ஒன்றும் நடக்கவில்லை.

"ஒரே ஒரு குட்டியைக் கண்ணாலை கண்டால் போதுமடா" என்பான். பாவமாக இருக்கும். அவன் மனைவி யோகராணி பாம்புக் கூண்டு இருந்த அறைப் பக்கமே போகமாட்டாள்.

2013 சித்திரையில் ஒருநாள் கதவு திறந்து கிடந்ததால் எட்டிப் பார்த்தாள். பச்சைப் பசேலென்றிருந்த பெண் பாம்பு கறுத்துப்போய்க் கிடந்தது. போன கிழமைதான் கீழ்வீட்டு மேரிறோஸ் வந்து, "எவ்வளவு அழகு!" என்று வாய் பிளந்துவிட்டுப் போயிருந்தாள். யோகராணிக்கு எல்லாம் விளங்கிவிட்டது: கண்பட்டுவிட்டது, நாவூறு. ஒன்பது செத்தல் மிளகாயும் ஒரு பிடி உப்பும் எடுத்துக் கூண்டின் முன் மூன்று தரம் சுற்றி, அதே அறையில் சட்டியில் போட்டு எரித்தாள்.

நாவூறு இருந்தால் மிளகாய் கமறாது என்பது எங்கள் ஆட்களின் கணக்கு. கமறியது! ஆறு மாடியும் இருமியது. தீயணைப்புப் படை ஏணியோடு வந்தது. செய்தி கேட்டுக் குகதாசன் குசினியிலிருந்து ஏப்ரனோடு வீட்டுக்கு ஓடினான், பின்னால் நான்.

"என்னப்பா செய்து வைச்சிருக்கிறீர்?"

"நாவூறு இல்லையாம்," என்றாள் யோகராணி இருமிக்கொண்டே. "அப்ப ஏன் கறுத்தது?"

குகதாசன் தலையில் கை வைத்தான். "அது பிள்ளைத்தாச்சியப்பா! வயித்திலை குட்டியெண்டால் கறுக்கும். வெளியிலை சொன்னால் நாவூறு படுமெண்டு நான்தான் மூண்டு கிழமையா வாய் திறக்கேல்லை!"

நல்ல பொருத்தம்தான்.

சென் தெனியிலிருந்து வந்த மிருக வைத்தியர் ஆலீஸ் பாம்பைத் தடவிப் பார்த்தார். குட்டிகள் இருக்கின்றன, புகை என்ன செய்ததென்று பிறந்தால்தான் தெரியும் என்றார்.

அன்றோடு அந்த வீட்டில் தாளிதம் நின்றது. ஆவணி வரை அவித்த மரக்கறிதான். யோகராணி தினமும் கூண்டின் முன்னால் நின்று, "நான் குட்டியளைக் கொன்றுபோட்டனோ?" என்று அழுதாள். குகதாசன் இளைத்தான், எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

ஆவணியில் ரூ பஜோல் தெருப் பிள்ளையார் கோயிலில் தேர் நாள். காலையில் அவர்களைக் கூட்டிப்போகப் போனேன். வேட்டியை மடித்துக் கட்டியபடி குகதாசன் வீட்டுக்குள் ஆடிக்கொண்டிருந்தான். கூண்டில் செங்கல் சிவப்பில் ஏழு குட்டிகள். பச்சை பிறகுதான் வருமாம். ஏழும் நெளிந்தன. யோகராணி ஒவ்வொன்றையும் பெயர் வைத்தே காட்டினாள். எனக்கும் ஆட வேண்டும்போல் இருந்தது, ஆடினேன்.

"சரி, தேர் வெளிக்கிடப் போகுது, வாங்கோ" என்றேன்.

யோகராணி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னண்ணை கதைக்கிறியள்? வீட்டிலை ஏழு பிள்ளை பிறந்திருக்கு, கோயிலுக்கு வரேலுமோ? எங்களுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு."