ஊட்டுப் பெட்டி கட்டிய பழனிவேல்

இன்று 2025 நவம்பர் 18, செவ்வாய்க்கிழமை. எழுதுபவள் கமலவேணி. வயது எழுபத்தாறு வருடம், நான்கு மாதம், ஆறு நாள். எழுதுகிறவர் முதலில் பெயரைப் போட்டுவிட வேண்டும் என்பது பழனிவேல் வைத்த விதி. அவரைப் பற்றி எழுதும்போது அதை மீற முடியாது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் மனைவி கோகிலா தொலைபேசியில் அழைத்தாள். "டீச்சருங்க, அவரு தண்ணித் தொட்டி மேல இருந்து உழுந்துட்டாருங்க" என்றாள். அடி பலமா என்று கேட்டேன். "மண்டையே இல்லீங்க" என்றாள். காற்றில் சாய்ந்த ஆன்டெனாவை நிமிர்த்த ஏறியிருக்கிறார். இடுப்பில் கயிறு கட்டவில்லை. கட்டச் சொல்லி இருபது முறையாவது திட்டியிருப்பேன். "கயிறு கட்டுனா பயம் வந்துருமுங்க" என்பார். முப்பத்து நான்கு வருடம் கல்லூரியில் வேதியியல் நடத்தியவள் நான். இதைவிட மடத்தனமான பதிலைத் தேர்வுத்தாளில்கூடப் படித்ததில்லை.

அவரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். புதுச்சத்திரத்தில் கைபேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். கடைசி ஆறு வருடங்களில், எங்கள் ஊரிலும் சுற்றுப்பட்டிலுமாக நாற்பத்தொரு வீடுகளில் தலா ஒரு சிறு பெட்டியைப் பொருத்தினார். பழைய கேபிள் பெட்டிகளையும் உடைந்த மடிக்கணினிகளின் உள்ளுறுப்புகளையும் சேர்த்து அவரே கட்டியவை. ஒரு வீட்டில் எழுதும் செய்தி காற்று வழியே பக்கத்து வீட்டுப் பெட்டிக்கும், அங்கிருந்து அடுத்ததற்கும் தாவும். நடுவில் எந்தக் கம்பெனியும் கிடையாது. இன்டர்நெட் அறுந்தாலும் ஓடும். எல்லாப் பெட்டியிலும் எல்லாச் செய்தியும் தங்கும். தண்ணீர் எப்போது வரும், யார் வீட்டில் சாவு, யாருடைய கோழிப்பண்ணை நாறுகிறது என்பவைதான் பெரும்பாலும். அதற்கு ஊட்டுப் பெட்டி என்று பெயர் வைத்தார். நான் சிரித்தேன். "டீச்சருக்கு வீட்டுப் பெட்டின்னு வெச்சாத்தான் புடிக்குமாட்ட இருக்குது" என்றார்.

மறைந்தவரைச் சாதுவாக்கிவிடுவது அஞ்சலி எழுதுவோரின் வழக்கம். பழனிவேல் சாது அல்லர். அந்தப் பெட்டி நல்லெண்ணத்தில் பிறந்ததும் அல்ல.

ஏழு வருடங்களுக்கு முன், குழந்தை கடத்தும் கும்பல் வந்திருக்கிறது என்ற புரளி எல்லோர் கைபேசியிலும் ஓடியது. வடநாட்டார், தாடி வைத்திருப்பார்கள், இந்தி பேசுவார்கள், பிஸ்கட் கொடுத்துக் குழந்தைகளை அழைப்பார்கள் என்று போட்டிருந்தது. அதன் அடியில் ஒரு வரி: "நானே நேரில் விசாரித்துவிட்டேன். இது உண்மை." எங்கள் ஊர்க் குரூப்பில் அதைப் போட்டவர் உரக்கடை முருகேசன்.

மூன்றாம் நாள் பழனிவேலின் தம்பி செல்வம் ஊர் திரும்பிக்கொண்டிருந்தான். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு எட்டு வருடம் வடக்கே அலைந்தவன். இந்தப் பக்கத்தில் பாதி வீடுகளில் அப்படி ஒருவர் உண்டு. எல்லோரும் கறுத்து, தாடி வளர்ந்து, இந்தி பேசிக்கொண்டுதான் திரும்புவார்கள். நாம் பெற்று அனுப்பியவர்களே அந்தச் செய்தியில் சொன்ன அடையாளத்தோடு வருவார்கள் என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை. இரண்டு ஊர் தள்ளி பஸ் மாறுகிற இடத்தில், ரிக் மேனேஜரோடு கைபேசியில் இந்தியில் பேசிக்கொண்டே, பக்கத்தில் நின்ற குழந்தைக்கு ஒரு பிஸ்கட்டை நீட்டினான்.

கட்டை, செங்கல், பைக் சங்கிலி. "அண்ணா, நான் நம்மூருதானுங்க, புதுச்சத்திரமுங்க" என்று கத்தினான். "தமிழெல்லாம் படிச்சுட்டு வந்திருக்கறான் பாரு திருட்டு நாயி" என்றது ஒரு குரல். சுற்றிலும் சிரிப்பு. ஒரு கண் வெளியே வந்த பிறகும் அடித்தார்கள். இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அதையும் படமெடுத்துப் பரப்பினார்கள்; எங்கள் குரூப்புக்கும் வந்தது. பழனிவேல் கடையில் உட்கார்ந்து அதைப் பார்த்தார். திருடன் சாகட்டும் என்றுதான் முதலில் நினைத்தாராம். பிறகு சட்டையை அடையாளம் கண்டார். தீபாவளிக்கு அவரே வாங்கி அனுப்பிய சட்டை. அடிபட்ட மூன்றாம் நாள் செல்வம் இறந்தான்.

காரியம் முடிந்த மறுநாள், பழனிவேல் உரக்கடைக்குப் போனார். கைபேசிக்கு ஈயம் பற்றவைக்கும் தன் பற்றுக்கோலை அங்கிருந்த மின்பலகையில் செருகி, அது சூடாகும்வரை நின்றார். பிறகு முருகேசனைச் சாக்குமூட்டை மேல் தள்ளி, அதைக் கன்னத்தில் வைத்தார். "யாருடா அந்த விசாரிச்சவன்? பேரைச் சொல்றா!" முருகேசன் அலறினார். "நெறையப் பேரு அனுப்புவாங்க சாமி! வந்ததை வந்தாப்புல தள்ளி உடறதுதான் சாமி! எல்லாத்தையும் அழிச்சுப் போட்டனுங்க!" கோலை எடுத்தபோது தோலும் கூடவே வந்தது. பழனிவேல் நான்கு மாதம் சிறையில் இருந்தார்.

வெளியே வந்ததும் நேராக என்னிடம் வந்தார். "அவனுக்கும் தெரியாதுங்க டீச்சர். அந்தக் கருமத்துல யாரு சொன்னதுன்னு யாருக்குமே தெரியாது. அப்படித்தான் அதைச் செஞ்சு வெச்சிருக்கறாங்க" என்றார். பெட்டி அந்த வாக்கியத்திலிருந்து வந்தது. அதில் ஒரு செய்தியை அப்படியே தள்ளிவிடும் பொத்தான் கிடையாது. கேட்டதைப் பிறருக்குச் சொல்ல வேண்டுமானால் நாமே தட்டெழுத வேண்டும். நம் பெயரும், யாரிடம் கேட்டோம் என்பதும் இருக்க வேண்டும். அனுப்பியதைத் திரும்பப் பெற முடியாது.

விதிகளை நல்ல தமிழில் எழுதித் தரச் சொன்னார். பெயர் சொல்ல அஞ்சுபவர்களுக்கும் ஓர் இடம் வேண்டும், பெயரில்லாமல் எழுத வழி விடுங்கள் என்று நான் வாதிட்டேன். காப்பி டம்ளரைச் சுவரில் எறிந்தார். "பேரு போட முடியாததை எதுக்குங்க எழுதோணும்?" சுவரில் அந்தப் பள்ளம் இன்னும் இருக்கிறது. விதியை அவர் சொன்னபடியே எழுதிக் கொடுத்தேன்.

இரண்டு வருடம் கழித்து, ஏரி மண்ணை அள்ளும் லாரிகளின் எண்களை ஒரு பெண் தன் பெயரோடு பெட்டியில் எழுதினாள். பட்டப்பகலில் நான்கு பேர் கடப்பாரையோடு கடைக்கு வந்தார்கள்.

"அந்தப் பெட்டி எதுடா?"

"இதுதானுங்க. பாத்து ஒடைங்க, உள்ள கண்ணாடி இருக்குது, கையக் கிழிச்சுரும்."

பெட்டியை நொறுக்கினார்கள். பிறகு அவரையும். தோள்பட்டை எலும்பு இரண்டு இடத்தில் உடைந்தது, முன்பற்கள் போயின. போகிறவர்களைக் கூப்பிட்டு, வாயெல்லாம் ரத்தத்தோடு சொன்னாராம்: "சாமி, இன்னும் நாப்பது ஊடு பாக்கி இருக்குதுங்க. ஒவ்வொண்ணாப் போறதுக்குள்ள கை வலிச்சுரும்." லாரி எண்கள் இருந்த அந்தச் செய்தி அழியவில்லை. இன்றைக்கும் எல்லாப் பெட்டியிலும் இருக்கிறது.

தம்பியின் நினைவு நாளில் என் வீட்டுக்கு வருவார். ஒவ்வொரு முறையும் அதே கேள்வி. "நேருல விசாரிச்சேன்னு எழுதுனானே, அவன் யாருன்னு ஒரு நாளைக்குத் தெரிஞ்சுருமுங்களா?" முதல் வருடம், தெரிந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "கொன்னுருவனுங்க" என்று சொல்லிவிட்டுக் காப்பியை முழுக்கக் குடித்தார். இந்த வருடமும் அதையே கேட்டேன். காப்பியைக் குடிக்காமல் தள்ளி வைத்தார். "தெரியலீங்க. அடிக்க இப்பத் தெம்பு இல்ல. ஆனா செத்தவனுக்கு ஒரு பதில் சொல்லோணுமில்லீங்களா?" பதில் கிடைக்காமலே போய்விட்டார்.

அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது அன்பையோ அறிவையோ அல்ல. ஒரு வாக்கியத்தை அனுப்புவதற்கு முன் அதற்குப் பொறுப்பாளி யார் என்று கேட்கும் அந்த முரட்டுத்தனத்தை. அது எனக்குத் தாமதமாக வந்தது. அவர் உயிரோடு இருந்தவரை வரவில்லை. அதற்குக் காரணம் பயம். வேறு கௌரவமான காரணம் எதுவும் இல்லை.

கோகிலா, முருகேசன், நாற்பத்தொரு வீட்டாரே, நேரில் விசாரித்துவிட்டேன் என்ற அந்தக் கடைசி வரியை எழுதியவள் நான். பழைய மாணவர்களில் யாரோ அனுப்பிய செய்தியின் அடியில் அதைச் சேர்த்து முருகேசனுக்கு அனுப்பினேன். படித்தவர் சொன்னால் நம்புவார்கள் என்று எண்ணினேன். நம்பினார்கள். கன்னம் வெந்தபோதும் முருகேசன் என் பெயரைச் சொல்லவில்லை. மறந்தாரா, மறைத்தாரா என்று இதுவரை நான் அவரைக் கேட்டதில்லை.

நான் நேரில் போய் எவரையும் விசாரிக்கவில்லை. அன்று வீட்டைவிட்டு வெளியிலேயே போகவில்லை. அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருந்தது. குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்குள் எழுதி அனுப்பிவிட்டேன்.