வடக்கைத் தொலைத்த ட்ரோன்

எனக்கு மூத்தவள் ராத்தா. அவளுடைய மாப்பிள்ளை ஹிஷாம் மச்சான் எட்டு வருடம் கத்தாரில் கிடந்தவர். இந்த முறை லீவில் வந்தபோது மகளுக்குப் பொம்மை கொண்டுவருவார் என்று பார்த்தால், ரொட்டித் தட்டளவில் ஒரு ட்ரோனோடு வந்து இறங்கினார். நாலு காற்றாடி, நடுவில் ஒரு கமரா. அதை வைத்துக் கல்யாண வீடியோ எடுத்துக் கல்முனையிலேயே இருந்துவிடப் போகிறாராம். மூன்று வயது மகள் அவரைக் கண்டால் கதவுக்குப் பின்னால் ஒளிகிறாள். அதுதான் காரணம். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. பார்க்கிற எவருக்கும் தெரியும்.

விசா முடிய இருபது நாள் இருந்தது. அதற்குள் பாலமுனையில் ஒரு கல்யாணம். அது நன்றாக வந்தால் மற்றவர்களும் கூப்பிடுவார்கள், மச்சான் இருப்பார். வராவிட்டால் கத்தார்.

ட்ரோன் எழும்பும். தென்னை உயரம் போய் அசையாமல் நிற்கவேண்டிய இடத்தில் கிறுகத் தொடங்கும். முதலில் சின்ன வட்டம், பிறகு பெரிய வட்டம், பிறகு யாருடைய கூரையென்று தெரியாது. மச்சான் விழுந்தடித்து இறக்குவார். காற்றாடிகளைக் கழற்றி, வலப்பக்கம் சுற்றுகிறது எது, இடப்பக்கம் சுற்றுகிறது எது என்று பிரித்துப் பார்த்தார். மயிரளவு வெடித்த ஒன்றை மாற்றினார். மோட்டருக்குள் கடல் உப்புப் போயிருக்கும் என்று என் பல் பிரஷைக் கேட்காமல் எடுத்து, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். பற்றரி வீங்கியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். எல்லாம் நல்லாத்தான் இருந்தது. ட்ரோன் மட்டும் நல்லா இல்லை.

நாடு மாறினால் அதற்குத் திசையைப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். ஒழுங்கையில் பிள்ளைகள் மொய்ப்பதால் மொட்டை மாடிக்கு ஏறுவார். ட்ரோனை இரண்டு கையிலும் ஏந்தி ஒரு சுற்று, மூக்கைக் கீழே பிடித்து இன்னொரு சுற்று. அது கிறுகக் கிறுக இவரும் ஏறிக் கிறுகுவார். பக்கத்து வீட்டு சல்மா உம்மா மதிலால் எட்டிப் பார்த்தார்.

“என்ன புள்ள, உன்ட மச்சானுக்கு?”

“ஜின், மாமி. ட்ரோனப் புடிச்சி, இப்ப ஆளையும் புடிச்சிட்டு.”

நான் பகிடிக்குச் சொன்னது. அவர் அஸர் தொழுகைக்கு முன் ஒரு போத்தல் ஓதின தண்ணீரோடு வந்துவிட்டார். மச்சான் முகம் கோணவில்லை.

“இதுக்குத் தண்ணி பட்டா சரிவராது மாமி,” என்று சொல்லி, தானே அண்ணாந்து குடித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கல்யாணத்தன்று காலையில் மாடிக்குப் போய் மூன்று தரம் சுற்றிவிட்டுத்தான் பாலமுனைக்குப் போனார். நாங்களும் போனோம். கல்யாண மாப்பிள்ளை வந்து இறங்கும்போது ட்ரோன் மேலே போனது. எல்லோரும் அண்ணாந்தார்கள். ஒரு வட்டம். கொஞ்சம் பெரிய வட்டம். அடுத்தது பள்ளிவாசலுக்கு மேலால். அதற்கடுத்தது கடலுக்கு மேலால். அதிலிருந்து அது திரும்பி வரவே இல்லை. மச்சான் ரிமோட்டைத் தூக்கிப் பிடித்தபடி புதுச் சட்டையோடு இடுப்பளவு தண்ணீரில் நின்றார். கரையில் யாரோ கை தட்டினார்கள்.

மூன்றாம் நாள் பாண்டிருப்பு வினோதன் வந்தார். மாவடிப்பள்ளி வயல்களில் பெரிய ட்ரோனால் மருந்தடிக்கிறவர். மச்சான் நடந்ததையெல்லாம் சொன்னார்.

“எங்க நிண்டு காம்பஸ் சரி பண்ணின நீங்க?”

“மேலதான். வாங்களன், காட்டுறன்.”

நானும் பின்னால் ஏறினேன். வினோதன் மாடியைச் சுற்றிப் பார்த்தார். தூணுக்குத் தூண் நெஞ்சளவு உயரத்தில் துருப்பிடித்த கம்பிகள் நீட்டிக்கொண்டு நின்றன.

“இவ்வளவு இரும்புக்க நிண்டா, அண்ணன்? அது இரும்பையெல்லாம் வடக்கெண்டு நினைச்சிரிக்கும். வயலுக்க, கடற்கரையில நிண்டு செய்திருந்தா ஒண்டும் நடந்திராது.”

“அப்ப ட்ரோன்ல பிழை இல்லயா?”

“இல்ல. நல்ல சாமான்.”

எங்கள் ஊரில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம். கீழ்வீடு ராத்தாவுக்கு. மேல்வீடு எனக்கு, அதற்காக வாப்பா விட்டுவைத்த கம்பிகள். வாப்பாவுக்குப் பாரிசம் வந்து ஒரு பக்கம் விழுந்ததிலிருந்து, மேல்வீட்டைக் கட்டுவது யார் தலையில் என்று யாரும் வாய்விட்டுக் கதைப்பதில்லை. வீட்டில் உழைக்கிற ஆண் மச்சான் ஒருவர்தான்.

வினோதன் போன பிறகு மச்சான் அதே இடத்தில் நின்று கத்தாருக்கு ஃபோன் எடுத்தார். அரைகுறை ஹிந்தியில் வருகிறேன், வருகிறேன் என்றார்.

“எனக்கு மேல்வீடு வேணாம் மச்சான்,” என்றேன். “நீங்க போகாதீங்க.”

“விசர்க்கதை கதையாத, மச்சி.”

“பகிடி இல்ல. உண்மையாத்தான்.”

“தெரியும்,” என்றார். என்னைப் பார்க்கவில்லை.

ராத்தா மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு உடுப்பெடுக்க மேலே வந்தாள்.

“ஞாயித்துக்கிழம டிக்கட்,” என்றார் மச்சான்.

ராத்தா மகளை இறக்கிவிட்டு, கொடியில் கிடந்த அவருடைய அந்தப் புதுச் சட்டையைத் தொட்டுப் பார்த்தாள். கடல் உப்பு இன்னும் போகவில்லை போலிருக்கிறது. திரும்ப அலசுவதற்காக அதை வாளிக்குள் போட்டாள்.