பரங்கிப்பேட்டைக் கடற்கரையில் எடுத்த காட்சி

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து பழைய கறுப்பு வெள்ளைப் படங்களைச் சுத்தம் செய்வதுதான் என் பிழைப்பு. சென்னையில் உள்ள ஒரு கம்பெனி பிலிமை ஸ்கேன் செய்து அனுப்பும். வீட்டு டிவியில் பார்க்கிறவர்களுக்காக அதிலுள்ள கீறல், தூசி, பூஞ்சைக் கறை எல்லாவற்றையும் நீக்கித் திருப்பி அனுப்புவேன். எடுத்தவர்கள் எடுத்தபடியே படம் இருக்க வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. முகங்களை வழுவழுப்பாக்க மாட்டேன். வெளிச்சம் தவறாக விழுந்திருந்தாலும் அப்படியே விட்டுவிடுவேன்.

போன வருடம் என்னிடம் வந்த ஒரு பழைய படத்தில் ஒரு காட்சி இல்லை. மிஞ்சியிருந்த ஒரே பிரதியில் அந்த இடம் பொடிந்து போயிருந்தது. கதாநாயகன் கடற்கரைக்கு ஓடுகிறான். அடுத்த நொடி வீட்டில் தலையில் அடித்துக்கொண்டு அழுகிறான். சிதம்பரத்தில் இருக்கும் என் மச்சானிடம், என் மனைவியின் தம்பி அவன், பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன்.

"அந்தப் படமா மாமா? எங்க தெருவுல ஒரு அம்மா இருக்காங்க. அவுங்க வீட்டுக்காரரு அதுல ஒரு சீன் வராரு. பரங்கிப்பேட்டையில ஷூட்டிங் எடுத்தப்ப புடிச்சி நடிக்க வெச்சாங்களாம். அந்தப் படத்தோட வீடியோ டேப்புகூட வெச்சிருக்காங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமையே போனேன். எழுபதைத் தாண்டிய அம்மா, தனியாக இருந்தார். கணவர் தாலுகா ஆபீஸில் வேலை பார்த்தவர், ஆபீஸ் நாடகங்களில் நடிப்பவர். காணாமல் போன அந்தக் காட்சியில், உன் தம்பி போன படகு கரை திரும்பவில்லை என்று கதாநாயகனிடம் சொல்லும் ஆள் அவர்தான். படம் வந்த சில வருடங்களில் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. பின்னாளில் படம் டிவியில் வந்தபோது, வெளிநாட்டிலிருந்து திரும்பியிருந்த பரங்கிப்பேட்டைக்காரர் ஒருவர் அதைப் பதிவு செய்து, டேப்பையும் அதை ஓட்டும் டெக்கையும் சேர்த்தே இவருக்குக் கொடுத்திருக்கிறார்.

"பத்தரமா கொண்டாந்துடுங்க தம்பி. அவுரு நடிச்சது இது ஒண்ணுதான்" என்று டேப்பை மஞ்சள் பையில் போட்டுத் தந்தார்.

வீட்டுக்கு வந்து என்னிடமிருந்த டெக்கில் டேப்பை ஓட்டினேன். காணாமல் போன காட்சி இருந்தது. மணல், அலை, ஓடிவரும் கதாநாயகன், எல்லாம் மங்கலாகவாவது தெரிந்தன. அவன் நின்று எதிரே பார்க்கிறான். அந்த இடத்தில் படம் வெள்ளை வெள்ளையாகக் கிழிந்து திரை முழுக்கப் பொரிந்தது. ஒரு கனத்த குரல் மட்டும் தெளிவாகப் பேசி முடித்தது. பிறகு மறுபடியும் கதாநாயகன் முகம்.

எனக்குப் புரிந்துவிட்டது. டேப்பை ஓரிடத்தில் நிறுத்தி வைத்தால், டெக்கின் உள்ளே சுழலும் உருளை அந்த இடத்தையே உரசிக்கொண்டிருக்கும். திரும்பத் திரும்ப நிறுத்தினால் படம் தேய்ந்துவிடும். ஒலி டேப்பின் ஓரத்தில் இருப்பதால் தப்பித்துவிடும்.

கம்பெனி மேடமிடம் சொன்னேன்.

"அந்த அம்மாகிட்ட ஒரு கல்யாண போட்டோ இருக்கும்ல சார்? அது போதும். கம்ப்யூட்டரே ஆள நடக்க வெச்சிப் பேச வெச்சிடும். யாருக்குத் தெரியப் போவுது?"

முடியாது என்றேன். அவர் நடித்தது இல்லையென்றால் இல்லைதான். அந்த இடத்தில் திரையை இருட்டாக விட்டு, படம் கிடைக்கவில்லை என்று ஒரு வரி போட்டு, குரலை மட்டும் ஓடவிட்டேன்.

டேப்பைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது மச்சானும் கூட வந்தான். பென் டிரைவைச் செருகி அந்தக் காட்சியைப் போட்டோம். இருட்டு வந்தது. குரல் பேசியது. அந்த அம்மா டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது அவுரு கொரல் இல்லீங்க தம்பி."

காட்சியை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தேன்.

"அவுருக்கு மெல்லிசு கொரலு. மெட்ராஸ்ல வேற ஆளப் பேச வெச்சிட்டாங்க. சொல்லவும் இல்ல. கடலூர் தியேட்டர்ல பாத்துட்டு வந்தவரு ரெண்டு நாளு யாருகிட்டயும் பேசல. அதனால எப்பப் போட்டாலும் நான் சவுண்ட சுத்தமா கொறச்சிடுவேன். மூஞ்சி வந்ததும் நிறுத்தி வெச்சிக்கிட்டு ஒக்காந்துருப்பேன்."

பிறகு டேப்பைக் காட்டிக் கேட்டார்.

"டெக்கு கெட்டுப் போயி வருசக் கணக்காச்சி. கடைசியா பாத்தப்ப மழ பேயறாப்ல இருந்துச்சி, ஆனா மூஞ்சி தெரிஞ்சிது. ஏன் தம்பி அந்த எடம் மட்டும் போச்சி?"

"பழைய டேப்பும்மா. இந்த ஊரு உப்புக்காத்து வேற."

நிறுத்தி நிறுத்தித் தேய்ந்தது என்று வழியிலேயே என்னிடம் கேட்டிருந்த மச்சான் என்னை ஒரு பார்வை பார்த்தான். நான் அவசரமாக வேறு பேச்சுக்குத் தாவினேன். போட்டோவை வைத்துக் கம்ப்யூட்டரில் முகத்தைச் செய்யலாம், வேண்டுமானால் உங்களுக்கு மட்டும் தனியாகச் செய்து தருகிறேன் என்றேன்.

"அது அவுரு நடிச்சதா ஆவுமா?"

"ஆகாதும்மா."

"அப்ப வாணாம்."

எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வந்தார். டேப்பை வாங்கி, அதே பையில் சுற்றி பீரோவில் வைத்தார்.

படம் வெளிவந்தது. நடுவில் திரை இருட்டாகிறது, படத்தில் ஏதோ கோளாறு என்று பலர் புகார் சொன்னார்களாம். நான் செய்ததை மாற்றவில்லை. செய்தது சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அப்படி நினைப்பதில் ஒரு ஆறுதலும் இல்லை.

சிதம்பரத்துக்குப் பேசும்போதெல்லாம் அந்த அம்மாவைப் பற்றிக் கேட்பேன்.

"இருக்காங்க மாமா. பென் டிரைவு டிவியிலயேதான் கெடக்குது. ஒரு வாட்டி வேணா போட்டுக் காட்டட்டுமான்னு நானே கேட்டுப் பாத்தேன். கெடக்கட்டும்னு சொல்லிட்டாங்க."