பனியில் வைத்த பால் போத்தல்கள்

லண்டன் பிளேஸ்டோவில் எங்கள் பிளாட்டுக்கு வெயில் படுகிற ஜன்னல் ஒன்றுகூட இல்லை. நாற்றுப் போட இடம் தேடினால் குளியலறைதான் மிச்சம். ஆனாலும் அந்தக் குளிர்காலத்தில் எனக்கு நாற்று வேண்டியிருந்தது. பல வருடம் காத்திருந்து கவுன்சிலிடம் வாடகைக்கு எடுத்த தோட்டத் துண்டு, என் கணவர் மாரடைப்பு வந்து படுத்ததில் முள்ளும் புல்லுமாகிவிட்டது. ஏப்ரலில் வந்து பார்ப்போம், பயிர் நிற்காவிட்டால் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று கடிதமும் வந்துவிட்டது.

துண்டு போவதைவிட மனுசன் போய்விடுவார் என்பதுதான் என் பயம். லொறி ஓட்டிய ஆள். இப்போது சோபாவே கதியென்று டிவி பார்த்துக்கொண்டிருந்தார். டிவி நிறுத்தியிருந்தாலும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தோட்டம் என்றால் மட்டும் தலையைத் திருப்புவார். அதுவும் போனால் அவரை எழுப்ப என்னிடம் வேறு ஒன்றும் இல்லை.

முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்யும் வெள்ளைக்காரப் பெண்தான் வழி சொன்னாள். பெரிய பிளாஸ்டிக் பால் போத்தலை நடுவால் வெட்டு. அடியில் ஓட்டை போடு. மண் நிரப்பி விதையைத் தூவி, மேல் பாதியைத் திரும்ப டேப்பால் ஒட்டி, வெளியே வை. மூடியைக் கழற்றி எறிந்துவிடு. மழையும் பனியும் போத்தல் வாய் வழியே இறங்கட்டும், காலம் வந்ததும் விதை தானே முளைக்கும். ஜனவரியில், வெளியில்! இவளுக்கு ஏதோ கழன்றுவிட்டது என்றுதான் நினைத்தேன்.

போத்தலுக்குப் பஞ்சமில்லை. வெள்ளிக்கிழமை கோயிலில் பாலாபிஷேகம் முடிந்தால் பின்பக்கக் குப்பைத் தொட்டி நிறையக் கிடக்கும். இரண்டு வெள்ளிக்கிழமை போய்ப் பொறுக்கினேன். தைப்பொங்கலன்று பொங்கல் பானையை இறக்கிவிட்டு, குசினி நிலத்தில் பேப்பர் விரித்து, கோவா, பீற்றூட், லீக்ஸ், சலாது என்று மரக்கறி விதைகளை இருபத்திரண்டு போத்தலில் போட்டோம். தை பிறந்தால் வழி பிறக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? அவர் வெட்டினார், நான் ஒட்டினேன். மூடிகளை எறிய மனம் வரவில்லை. எதையும் எறியாத கை இது. ஒரு பையில் போட்டு வைத்துக்கொண்டேன். எல்லாவற்றையும் ட்ரொலியில் ஏற்றி, மூன்று தரம் பஸ்ஸில் கொண்டுபோய்த் தோட்டத்தில் அடுக்கினேன். அவரைத் தூக்க விடவில்லை.

பத்து நாளில் பனி கொட்டியது. காலை ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் வரும்போது அந்தப் போத்தல்கள் வாயைத் திறந்துகொண்டு நிற்பது என் கண்ணுக்குள் நின்றது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். வீட்டுக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு நடந்தேன். கை விறைக்க விறைக்க இருபத்திரண்டுக்கும் மூடி பூட்டிவிட்டுத்தான் எனக்கு மூச்சு வந்தது. அவருக்குச் சொல்லவில்லை.

பிறகு வேலையில் ஆள் குறைந்து எனக்கு ஷிப்டுக்கு மேல் ஷிப்ட். தனியே போக அவரையும் விடவில்லை. பெப்ரவரி கடைசியில் இருவரும் போனோம். இடையில் நல்ல வெயில் எறித்திருந்தது. போத்தலுக்குள் முளைத்ததெல்லாம் வெக்கை போக வழியில்லாமல் அவிந்து, நூல் மாதிரி மடிந்து, மேலே வெள்ளைப் பூஞ்சணம் பிடித்துக் கிடந்தது.

"ஆர் மூடி பூட்டினது?" என்றார்.

பக்கத்துத் துண்டுக்காரன் மேல் பழியைப் போட வாய் உன்னியது. "நான்தான். பனி கொட்டேக்க பாத்துக்கொண்டிருக்க ஏலுமோ?" என்று அவர்மேலேயே பாய்ந்தேன்.

அவர் கோபிப்பார் என்று நினைத்தேன். ஒரு போத்தலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னையும் இப்பிடித்தானே வைச்சிருக்கிறீர்," என்றார். "ஒரு வாளி தூக்க விட்டனீரா? கடைக்குத் தனிய விட்டனீரா? டொக்டரே நடக்கச் சொல்லிப்போட்டார். நீர்தான் விடுறீர் இல்லை."

எனக்குச் சுருக்கென்றது. நான் என்ன, வேண்டுமென்றா செய்தேன்? அம்புலன்சில் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு போனவள் நான். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் மண்ணைக் கொட்டத் தொடங்கிவிட்டார்.

"இன்னும் காலம் இருக்கு. நாளைக்கு நான் தனிய வாறன். நீர் வரவேண்டாம்."

மறுநாள் முழுக்கப் போனைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு அழைப்பு எடுக்கவில்லை. எடுக்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதன் பிறகு கோயிலில் போத்தல் பொறுக்கியதும் அவர்தான், திரும்ப விதைத்ததும் புல் வெட்டியதும் அவர்தான்.

கவுன்சில் ஆள் வந்த அன்று லீவு போட்டுவிட்டுப் போனேன். உள்ளே போகாமல் கேற்றடியில் நின்றேன். பாதித் துண்டு கொத்தியிருந்தது. அதில் சலாதும் பீற்றூட்டும் வரிசையாய் நின்றன. கவுன்சில் பெண் சுற்றிப் பார்த்து, ஏதோ எழுதிக்கொண்டு, அவரிடம் ஒன்று சொல்லிவிட்டுப் போனாள். அவர் தொட்டியில் இரண்டு வாளி தண்ணீர் அள்ளிக்கொண்டு வந்தார். நடுவழியில் நின்று மூச்சு வாங்கினார். "வாளியைக் கீழ வையுங்கோ!" என்று கத்த வந்ததை விழுங்கினேன்.

அவர் என்னைக் கண்டுவிட்டார். "துண்டு எங்களுக்குத்தானாம்," என்றார்.

நான் அழுதுவிட்டேன். அவர் வாளிகளை வைத்துவிட்டு ஓடிவந்தார்.

"ஏனப்பா, எங்கையாவது நோகுதோ? இரும், இதில இரும். நீர் ஒண்டும் தூக்கவேண்டாம்."