பின் தெருவில் ஒன்று

ஒன்று. அன்று மாலை வெளியான தெருவாரித் தொற்றுப் பட்டியலில் பின் தெருவுக்கு நேரே இருந்த எண் அது. முந்தின நாள்வரை அங்கே பூஜ்யம்தான் இருந்தது. அந்த ஒன்றைப் போட்டவள் நம்பர் அக்கா. அது எந்த வீட்டு ஒன்று என்று தெரிந்தவளும் அவள்தான்.

நகர சுகாதார அலுவலகத்தில் கணினிப் பதிவு அவள் வேலை. நோய் வருவதற்கு முன்பு, கொசு மருந்து அடித்த சந்துகளையும் ஊசி போட்ட நாய்களையும் ஏற்றிக்கொண்டிருந்தாள். அந்தக் கணக்கைச் சீந்துவாரில்லை. தொற்று பரவியதும் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது: எந்தத் தெருவில் எத்தனை பேருக்கு என்று தினமும் வெளியிட வேண்டும், மக்கள் உஷாராக இருப்பார்கள். அதுவரை பேர் சொல்லிக்கூடக் கூப்பிடாத அக்கம்பக்கம் அவளுக்கு நம்பர் அக்கா என்று பட்டம் கட்டியது அதற்குப் பிறகுதான்.

பட்டியல் உதவவில்லை என்று சொல்ல முடியாது. மார்க்கெட் தெருவில் எண் மளமளவென்று ஏறியதைப் பார்த்துத்தான் பரிசோதனை வண்டியை அங்கே அனுப்பினார்கள். வீட்டில் டியூஷன் எடுக்கும் ஆசிரியை ஒருத்தி, சுற்றுவட்டாரத்தில் எண் ஏறினால் வகுப்பை நிறுத்துவாள், இறங்கினால் தொடங்குவாள். ஆனால் பெரிய தெருவில் நாற்பது என்றால் அது நிலவரம். எட்டு வீடுள்ள தெருவில் ஒன்று என்றால் அது ஆள்.

நம்பர் அக்காவுக்கு இது தெரியாமலில்லை. பட்டியல் வெளியானதும் கைப்பேசி அலறும். பேர் வேண்டாம், எந்தப் பக்கம் என்று மட்டும் சொன்னால் போதும் என்பார்கள். சொல்லக் கூடாது என்று அவளும் சட்டம் பேசுவாள். பிறகு கொஞ்சம் இடைவெளி விட்டு, "கோடிப் பக்கம் போறப்ப பாத்துப் போங்க" என்பாள். அவ்வளவுதான், மறுநாள் கோடி வீட்டுக்காரர்களிடம் முகம் கொடுத்துப் பேச ஆளிருக்காது. நாலு பேருக்கு நல்லது செய்கிறோம் என்றுதான் அவள் நினைத்தாள். தன்னைத் தேடி இத்தனை பேர் கூப்பிடுவதும் பிடித்திருந்தது.

அப்புறம் அவள் கணவருக்கே வந்துவிட்டது.

அவர் வாஷிங் மெஷின் மெக்கானிக். வீடுவீடாக ஏறி இறங்கும் பிழைப்பு. லேசான காய்ச்சல்தான், மாடி அறையில் படுத்துக்கொண்டார். அவளுக்கும் மகளுக்கும் தொற்று இல்லை என்று வந்தது. ஆனாலும் வெளியே போகக் கூடாது என்பதால் வீட்டிலிருந்தே பட்டியலைப் போடச் சொன்னார்கள். கட்டுப்பாட்டு அறைக்கு வரும் அழைப்புகளையும் அவள் கைப்பேசிக்கே திருப்பிவிட்டார்கள்.

கணவரின் முடிவு மற்றவர்களுடையதைப் போலவே ஆய்வகத்திலிருந்து அவளுக்கு வந்தது. வீட்டு வாசல் முன் தெருவில். முன் தெரு என்றுதான் ஏற்ற வேண்டும். முன் தெருவில் ஒன்று என்று வந்தால் அடுத்த நிமிஷம் யார் யார் கூப்பிடுவார்கள், என்ன கேட்பார்கள் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். குணமான பிறகும் அவரை எந்த வீட்டிலாவது உள்ளே விடுவார்களா? அவர்கள் வீட்டுக்கு ஒரு பின் வாசல் உண்டு. குப்பை கொட்ட மட்டுமே திறப்பார்கள். அது பின் தெருவைப் பார்த்து இருந்தது. பொய் ஒன்றுமில்லையே, நம் வீடு அந்தத் தெருவிலும்தானே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு, பின் தெரு என்று ஏற்றிவிட்டாள்.

பட்டியலைப் பார்த்துவிட்டு மாடியிலிருந்து கணவர் கூப்பிட்டார். பின் வாசல் நியாயத்தை அவள் எடுத்துச் சொன்னாள்.

"அப்ப கரண்ட் பில்லையும் இனிமே அந்தப் பக்கமே வரச் சொல்லு" என்றார் அவர். இருமிக்கொண்டே சிரித்தார். அவளும் சிரித்தாள்.

மறுநாள் காலை மருந்து தெளிக்கும் ஆட்கள் பின் தெருவுக்கு வந்தார்கள். அவர்களுக்குத் தெருதான் கொடுக்கப்பட்டிருந்தது, வீடு இல்லை. வண்டி தெருவுக்குள் நுழையாது. எனவே தெருமுனையில் நிறுத்தி, குழாய் எட்டிய மட்டும் அடித்துவிட்டுப் போனார்கள். முனையில் இருந்தது டெய்லர் கடை.

டெய்லர் ஒரு பெண். தனியாள். கடைக்குப் பின்னாலேயே வீடு. துணித் தூசி ஆகாது. வெட்டும்போதெல்லாம் அடுக்கடுக்காகத் தும்முவாள். தும்மல் டெய்லர் என்று கேலி செய்தபடியே வருஷக்கணக்கில் அவளிடம்தான் எல்லோரும் தைத்தார்கள். மருந்து வாடை போவதற்குள் கதை முடிந்துவிட்டது. தெருவில் ஒன்று, வாசலில் மருந்து, உள்ளே தும்மல். வேறென்ன வேண்டும்?

நம்பர் அக்கா வீட்டுப் பின்பக்க ஜன்னலிலிருந்து அந்தக் கடை நன்றாகத் தெரியும். கொடுத்த துணியை வெட்டாமலே திருப்பித் தரச் சொல்லி ஒருவர் குச்சியால் வாங்கிக்கொண்டு போனதைப் பார்த்தாள். டெய்லர் தானாகப் போய்ப் பரிசோதனை செய்து, தொற்றில்லை என்ற தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கதவில் தொங்கவிட்டதையும் பார்த்தாள். அந்தத் தாளைப் படிக்கக்கூட யாரும் கிட்டே போகவில்லை. நம்பர் அக்கா ஜன்னலைச் சாத்தினாள்.

முன் தெருவோ பூஜ்யத்தைக் கொண்டாடியது. முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிக்கொண்டு எதிர்வீட்டம்மா வாசல்வரை வந்துவிட்டார்.

"நம்ம தெரு முட்டை, பாத்தியா? நம்பர் அக்கா குடியிருக்கிற தெருன்னா சும்மாவா."

மகளுக்குப் பரீட்சை, சத்தம் ஆகாது என்று கதவிடுக்கு வழியாகவே அவள் பேசி அனுப்பிவைத்தாள். மாடியில் கணவர் இருமலை அடக்கிக்கொண்டது கீழே கேட்டது.

இரண்டு நாள் கழித்து மதியம் கட்டுப்பாட்டு அறை எண்ணுக்கு ஓர் அழைப்பு வந்தது. பின் தெருவிலிருந்து டெய்லர். பரிசோதனை செய்த விவரத்தையும், தண்ணீர் கேன் போடுபவன் கேனை முனையிலேயே உருட்டிவிட்டுப் போனதையும் மூச்சு விடாமல் சொன்னாள். நம்பர் அக்கா குரலை மாற்றிக்கொண்டு, தனிநபர் விவரம் தர இயலாது என்று ஆரம்பித்தாள். டெய்லர் குரலைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"அக்கா, நீங்களா? நீங்கன்னா நல்லதாப் போச்சு. அந்த ஒண்ணு யாருன்னு எனக்குத் தெரிய வேணாங்க்கா. பாவம், அவங்களாவது நிம்மதியா இருக்கட்டும். நான் இல்லன்னு மட்டும் ஒரு வரி எழுதிக் குடுங்க. நீங்க எழுதினா நம்புவாங்க."

மேலே கேட்டுச் சொல்கிறேன் என்று நம்பர் அக்கா வைத்துவிட்டாள். கணவரிடம் சொல்லவில்லை. நேரே அதிகாரிக்குப் போன் போட்டு, தெருவை மாற்றிப் போட்டதைச் சொன்னாள். தெரிந்தே போட்டேன் என்று சொல்லத்தான் நினைத்தாள். வாயில் வந்தது "மாறிப்போச்சு சார்."

"ஏம்மா, ஆஸ்பத்திரியில கட்டில் இல்லாம நான் அல்லாடுறேன். நீ ஒத்தை நம்பரைத் தூக்கிட்டு வர்ற. இன்னைக்குச் சரியாப் போட்டுட்டுப் பேசாம இரு. வெளிய சொன்னா மொத்தப் பட்டியலையும் எவனும் நம்ப மாட்டான்."

அதைக் கேட்டதும் அவளுக்கு ஒரு நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்து அப்புறம் அவள் பல நாள் கூசினாள்.

மாலைப் பட்டியலில் பின் தெரு பூஜ்யம், முன் தெரு ஒன்று. திருத்தம் என்று எங்கும் இல்லை. முன் தெருவின் ஒன்று யாரென்று கேட்டுக் கைப்பேசி அலறியது, அவள் எடுக்கவில்லை. இரண்டு தெருவுக்கும் பொதுவான வாட்ஸ்அப் குழு சுறுசுறுப்பானது. பின் தெருவில் சரியாகிவிட்டது, டெய்லர் தேறிவிட்டாள் போல என்று ஒருவர் போட்டார். கும்பிடும் கைகள் வரிசை கட்டின. அப்படியானால் வந்தது உண்மைதான், இல்லை என்று தாள் தொங்கவிட்டு எல்லோரையும் ஏமாற்றியிருக்கிறாள் என்று இன்னொருவர் எழுதினார்.

எண்ணைத் திருத்தினால் எல்லாம் திருந்திவிடும் என்றுதான் நம்பர் அக்கா நம்பியிருந்தாள். நேற்றுவரை சந்தேகமாக இருந்ததை இன்று அவள் போட்ட பூஜ்யம் உறுதி செய்துவிட்டது. டெய்லர் அந்தக் குழுவில்தான் இருந்தாள்.

நம்பர் அக்கா எழுத உட்கார்ந்தாள். 'பதிவில் ஏற்பட்ட பிழை காரணமாக' என்று விரல் தானாகத் தட்டியது. அழித்தாள். 'தவறுதலாக' என்று வந்தது. அதையும் அழித்தாள். இத்தனை வருஷம் அலுவலகத் தமிழ் எழுதிய கைக்கு 'நான்' என்ற சொல் வர மறுத்தது. கடைசியில் குரல்பதிவைத்தான் அழுத்தினாள்.

"பின் தெருவுல போட்ட ஒண்ணு எங்க வீட்டுக்காரர். டெய்லருக்கு எதுவும் வரல. நான்தான் தெருவை மாத்திப் போட்டேன். தெரிஞ்சேதான் போட்டேன்."

கேட்டவர்கள் ஒவ்வொருவராகக் கூடிக்கொண்டே போனார்கள். வெகுநேரம் கழித்து எதிர்வீட்டம்மா எழுதினார்: என்னை முகக்கவசம் இல்லாமல் உன் வாசலில் நிற்க விட்டாயே. மாடியிலிருந்து கணவர் கூப்பிட்டார். குரல்பதிவை அவரும் கேட்டிருந்தார். முதலில் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்றார். அவர் குரலில் இந்த முறை சிரிப்பில்லை.

டெய்லருக்கு அவளே போன் செய்தாள். மன்னிப்புக் கேட்டாள். பின் வாசல் கதையைச் சொல்லப் போய்ப் பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள். சொல்லும்போதுதான் அது எவ்வளவு அற்பமான கதை என்று காதில் விழுந்தது. எதிர்முனையில் தையல் இயந்திரம் ஓடும் சத்தம் இல்லை.

"சரிங்க மேடம்" என்றாள் டெய்லர். வைத்துவிட்டாள்.

அடுத்த வாரம் தெருவாரிப் பட்டியலை நிறுத்திவிட்டார்கள். இப்போது பல தெருக்கள் சேர்ந்த வட்டத்துக்கு ஓர் எண்தான் வெளியாகிறது. அதைப் போடுவது வேறொருவர்.